நான்காவது டிஸ்க்

அந்தக் கேள்வி முந்தின நாள் மதியத்திலிருந்து திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தொடரலாமா, வேண்டாமா? ஆம் என்றால் ஓர் எழுத்து, இல்லை என்றால் வேறோர் எழுத்து. யாரும் தொட்டுவிடக் கூடாது என்று கீபோர்டின் மேல் ஒரு செருப்புப் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். வீட்டில் இருந்தது நான் ஒருத்தி. வந்து போவதற்கு என் கொழுந்தன் ஒருவர். ஆக, அந்தப் பெட்டி யாருக்காக என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இல்லை.

“அண்ணி, அது கம்ப்யூட்டர். கண்ணிவெடி இல்ல.”

“இருக்கட்டும் தம்பி. அவங்க வர்ற வரைக்கும் யாரும் தொட வேண்டாம்.”

“நான் நல்லதுக்குத்தானே பண்ணேன்?”

“நல்லதுக்குத்தான். யாரு இல்லன்னா?”

கொழுந்தன் செல்போன் கவர் கடை வைத்திருப்பவர். போனைத் திறந்து மூடத் தெரிந்தவருக்குக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் வரும் என்று எல்லோரும் நினைத்தோம். அவரும் நினைத்தார்.

நானும் என் கணவரும் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் வாசிப்பேன், அவர் பதிவு செய்வார். வீட்டின் சின்ன அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்து, உள்பாதியில் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் தடித்த பஞ்சு அடித்திருந்தார். ஓர் ஆள், ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு சிவப்பு விளக்கு. சன்னல் கிடையாது. வெளிப்பாதியில் அவர் மேசை. நான் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில்தான் அவர் பேசுவார்.

அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி சுற்றும், ஆனால் திறக்காது. “அடுத்த வாரம் சரிபண்ணிடறேன்” என்று வருடக்கணக்காகச் சொன்னார். “உன்னைத் திறந்துவிடத்தான் ஒரு ஆள் இருக்கேனே” என்பது அடுத்த வரி. ஒரு நாள் காலை மாத்திரை வாங்கப் போனவர் மருந்துக்கடை வாசல்படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு இறுதி வகுப்பு உயிரியல் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களை நான் தனியாகத்தான் பதிவு செய்தேன். பொத்தானை அமுக்கிவிட்டு உள்ளே ஓடுவேன். கதவைச் சாத்தமாட்டேன். சாத்தினால் திறக்க யார் இருக்கிறார்கள்? இடுக்கில் ஒரு முக்காலியைச் செருகிவிட்டு, அந்தத் திறப்பைப் பார்த்தபடியே வாசித்தேன். மாதிரிக்குக் கடைசி அத்தியாயத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் அனுப்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியார் போன் செய்தார். அவருக்கும் பார்வை கிடையாது. காது மட்டும் எறும்பு ஊர்ந்தால் எண்ணிச் சொல்லும்.

“நல்லா இருக்கும்மா. ஒரே ஒரு விஷயம். ரத்தம் இதயத்துக்குள்ள போற இடத்துல ஒரு லாரி ஹாரன் அடிக்குது.”

“மன்னிச்சிடுங்க சார். கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு.”

“பரவால்ல. பிள்ளைங்க சிரிச்சாங்க. ஆனா பரீட்சைக்கு இந்தப் புத்தகம்தான் அவங்களுக்கு எல்லாமே. லாரியோட வந்தாலும் சரி, வந்துடணும்.”

பாதிப் புத்தகம் அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. முழுதும் முடிந்து, நான் ஒருமுறை கேட்டுத் திருத்திய பிறகுதான் அனுப்புவோம். ஆகவே அந்தப் புத்தகம் மொத்தமும் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அதோடு, எந்தப் புத்தகத்திலும் சேராத இன்னொன்றும் இருந்தது. வெட்டித் திருத்தாத மூலப் பதிவுகள். நான் தடுமாறும் இடங்கள், தண்ணீர் குடிக்கும் சத்தம், நடுநடுவே ஹெட்போனிலிருந்து மைக்கில் கசிந்த என் கணவரின் குரல். புத்தகம் தயாராகும்போது அவர் முதலில் வெட்டி எறிவது தன் குரலைத்தான்.

இவை எல்லாம் நடைக்கூடத்து அலமாரியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. அதற்குள் நான்கு ஹார்ட் டிஸ்க். லினக்ஸ் போட்டு, நான்கையும் ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய டிஸ்க் போல வேலைசெய்ய வைத்திருந்தார். ரெய்டு என்பார்கள். எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த விதம் இது: மூன்று பேரிடம் மூன்று எண்களைக் கொடு. நான்காவது ஆளிடம் கூட்டுத்தொகையைக் கொடு. யாராவது ஒருவர் ஓடிப்போனால் மீதி மூன்று பேரை வைத்து அவர் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேர் ஓடிப்போனால் ஒன்றும் செய்ய முடியாது.

“அப்போ ரெண்டு பேர் ஓடாம பாத்துக்கணும்” என்றேன்.

“ஒருத்தர் ஓடினதுமே தெரிஞ்சிடும். மெயில் வரும்” என்றார்.

அந்த வாரம் ஒரு காலையில் பெட்டி எந்தக் கோப்பையும் திறக்க மறுத்தது. நான்கு டிஸ்கும் இருக்கின்றன, கட்டு மட்டும் அவிழ்ந்துவிட்டது. கொழுந்தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்து, அதில் இருந்த ஒரு வரியை அப்படியே தட்டினார். நான் பின்னால் நின்று படித்தேன். எதையும் கடைசி வரிவரை படித்துத் தீர்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், எதையும் விட்டதில்லை. இந்த டிஸ்குகள் ஏற்கனவே ஒரு தொகுப்பைச் சேர்ந்தவை போலத் தெரிகின்றன என்று எழுதியிருந்தது. புதிதாக உருவாக்குவதைத் தொடரலாமா என்று கேட்டது. கொழுந்தனின் விரல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“புதுசா எதுக்குத் தம்பி உருவாக்கணும்? நமக்குப் பழசுதானே வேணும்?”

விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு நான் செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தேன்.

நான் போனில் அழைத்திருந்த நிதானம் மறுநாள் மதியம் வந்தார். அது என் கணவர் வைத்த பெயர். ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கும் பெண். என் கணவர் அங்கே ஸ்பீக்கர்கள் பொருத்தப் போனபோது பழக்கம். தீப்பிடித்தாலும் முதலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் இறங்குவார் என்று என் கணவர் கேலி செய்வார். வந்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். செருப்புப் பெட்டியைத் தூக்கினார். திரையைப் படித்தார். ஒரே ஒரு எழுத்தை அமுக்கினார். கேள்வி மறைந்தது.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“இல்லன்னு சொல்றதுக்கு அவ்வளவுதான் அக்கா. ஆமான்னு அமுக்கியிருந்தா நான் வந்திருக்கவே வேண்டாம். போன்லயே துக்கம் விசாரிச்சிருப்பேன்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்ததால் அது இருமல் போல வந்தது.

கொழுந்தன் கேட்டார்: “மேடம், ஆமான்னு போட்டா என்ன ஆகியிருக்கும்?”

“நாலு டிஸ்கையும் தப்பான வரிசைல கட்டி, கூட்டுத்தொகையைப் புதுசா போட ஆரம்பிச்சிருக்கும். பழைய கணக்கு மேலயே புதுக் கணக்கு. அழிச்சு எழுதற மாதிரி.”

கொழுந்தன் எழுந்துபோய் பால்கனியில் நின்றுகொண்டார்.

நிதானம் ஒவ்வொரு டிஸ்கின் தலைப்பகுதியையும் படித்துப் பார்த்தார். படிப்பது மட்டும்தான், எதையும் எழுதவில்லை. ஒவ்வொரு டிஸ்கும் தான் கடைசியாகப் பங்கெடுத்த மாற்றம் எத்தனையாவது என்று ஓர் எண்ணையும், ஒரு தேதியையும் குறித்து வைத்திருக்குமாம். முதல் இரண்டு டிஸ்கும் ஒரே எண்ணைச் சொல்லின. மூன்றாவது கொஞ்சம் பின்தங்கியிருந்தது. அது அந்த வாரம்தான் உடம்பு சரியில்லாமல் விலகியது. நான்காவது எங்கேயோ பின்னால் இருந்தது.

“இது போயி மாசக்கணக்காச்சு” என்று தேதியைக் காட்டினார்.

என் கணவர் இறந்ததற்கு அடுத்த வாரத் தேதி.

“அப்பலேருந்து மூணு டிஸ்க்லதான் ஓடிக்கிட்டிருந்திருக்கு. மூணாவதும் இப்ப தள்ளாடுது. மெயில் வந்திருக்குமே அக்கா? தினமும் அனுப்புமே?”

“யாருக்கு?”

நிதானம் கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்த தபாலை இன்னொருவர் பிரிப்பதில்லை. கல்யாணமான புதிதில் என் அம்மாவின் கடிதத்தை அவர் தெரியாமல் பிரித்துவிட்டார். அதில் அவரைப் பற்றியே நாலு வரி இருந்தது. அன்றைக்குப் போட்ட சட்டம் அது. அவர் போன பிறகு அவருடைய போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். மெயிலைத் திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பூட்டியிருந்த பெட்டி இல்லை அது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். என் பெயர்தான்.

அப்போது திறந்தோம். விளம்பரங்களுக்கு நடுவே, ஒவ்வொரு நாள் காலையும் ஒரே கடிதம். தொகுப்பு முழுமையாக இல்லை, ஒரு டிஸ்க் குறைகிறது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். பத்தடி தூரத்தில் நடைக்கூடத்தில் இருந்துகொண்டு அந்தப் பெட்டி, இல்லாத ஆளுக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போனேன்.

“இதையெல்லாம் வேற டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சிருக்கா அக்கா?”

“காப்பி டிஸ்க் நிரம்பிடுச்சு, புதுசு வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தார். நாலு டிஸ்க் இருக்கேன்னு நானும்...”

“எல்லாரும் அதையேதான் சொல்வாங்க. ரெய்டுங்கறது ஸ்டெப்னி மாதிரி. டயர் பஞ்சர் ஆனா வண்டி ஓடும். அதுக்காக வீட்ல ரெண்டு வண்டி இருக்குன்னு ஆயிடுமா?”

பிறகு அவர் விதிகளைச் சொன்னார். அசல் டிஸ்க் எதிலும் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. நான்கையும் நான்கு புது டிஸ்குகளுக்கு அச்சு அசலாகப் பிரதி எடுக்க வேண்டும். எந்தச் சோதனையானாலும் பிரதியில்தான். அதுவரை பெட்டியை அணைக்கக் கூடாது.

“ஏன் அணைக்கக் கூடாது?”

“மூணாவது டிஸ்க் இப்ப சுத்திக்கிட்டிருக்கு. நிறுத்தினா மறுபடி சுத்துமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கரண்டு போனா யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள ஹால்ல இருக்கற வேற லைன்ல பிளக்கை மாத்தணும். வீட்ல எப்பவும் ஒரு ஆள் இருந்தே ஆகணும்.”

அந்த ஆள் நான்.

அதற்குப் பிறகு அந்த நடைக்கூடம்தான் என் உலகம். ஒரு பக்கம் குளியலறைக் கதவு, மறு பக்கம் அலமாரி, நடுவில் நான் ஒரு முக்காலியில். கதவிடுக்கில் செருகியிருந்த அதே முக்காலி. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் மேல் திருப்பி வைத்திருந்தோம். எனக்குக் காற்று கிடையாது. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, வாட்டர் ஹீட்டர் எதுவும் கூடாது, லைன் டிரிப் ஆகிவிடும். யுபிஎஸ் கீச்சென்றால் ஓட வேண்டும் என்பதால் நீளமான வயர் ஒன்று வீட்டின் குறுக்கே பாம்பு போலக் கிடந்தது. குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்தேன். அடுப்பில் குழம்பு கொதிப்பதைவிட அந்தப் பெட்டி மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது டிஸ்கின் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. சீராக ஒரு ரீங்காரம். பிறகு தொண்டையில் ஏதோ சிக்கியது போல இரண்டு டிக். மறுபடி ரீங்காரம். டிக் வரும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடிப்பேன். பிரதி எடுக்கும் நிரல் கெட்டிக்காரத்தனமானது. படிக்க வராத இடத்தில் முட்டிமோதாமல், அதைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். நல்லதை எல்லாம் எடுத்த பிறகுதான் திரும்பி வந்து கெட்டதைச் சுரண்டும். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. நான் அதற்கு நேர்மாறாக இருந்தேன். படிக்க வராத ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்தேன்.

கொழுந்தன் காய்கறியோடு வருவார், வாசலில் நின்றே குரல் கொடுப்பார்.

“நோயாளி எப்படி இருக்கார் அண்ணி?”

“மெதுவாப் பேசுங்க.”

“வாசலைத் தாண்டி எத்தனை நாளாச்சு? ஜெயில்லகூட சாயங்காலம் நடக்க விடுவாங்க.”

“ஜெயில்ல கைதி ஓடிடுவான்னு பூட்டுவாங்க. இங்க நான் போனா அவர் போயிடுவார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கொழுந்தன் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனி உடைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு காலையில் பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கத் தொடங்கினார்கள். டிரில்லிங் மெஷின் எங்கள் அலமாரிக்கு நேர் பின்புறம். தகடு அதிர்ந்தது. டிக், டிக், டிக். நான் இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன், அது ஏதோ குழந்தை போல. “தம்பி!” என்று கத்தியதில், காய்கறியோடு வந்திருந்த கொழுந்தன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். சற்று நேரத்தில் சத்தம் நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“எங்க வீட்ல ஐசியூ கேஸ் ஒண்ணு இருக்கு, அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கன்னு சொன்னேன்.”

அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் மனைவியோடு ஒரு பை நிறைய ஆப்பிள் எடுத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்தார். நடைக்கூடத்துக்கு அழைத்துப் போய் காட்டினேன். மனிதர் விசிறிக்கு முன்னால் கிடந்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆப்பிளைத் திருப்பி எடுத்துப் போகவில்லை, அதுவரை நல்லவர். டிரில்லிங்கும் தள்ளிப்போடப்பட்டது.

கடைசிப் பிரதி முடிந்த அன்று நிதானம் பெட்டியை அணைத்தார். ரீங்காரம் இறங்கி இறங்கி, ஒரு டிக்கோடு நின்றது. மறுபடி போட்டுப் பார்த்தார். மூன்றாவது டிஸ்க் சுற்றவில்லை. “நல்ல வேளை” என்று மட்டும் சொன்னார்.

இனி நான் வெளியே போகலாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போனேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல், பேருந்துக்குக் காத்திருப்பவள் போல நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நிதானம் பிரதிகளில் வேலையைத் தொடங்கியிருந்தார். முதல் இரண்டு, கொஞ்சம் பின்தங்கிய மூன்றாவது, இந்த மூன்றையும் சேர்த்து, வெறும் படிப்பதற்கு மட்டும் அனுமதித்து, வலுக்கட்டாயமாகக் கட்டினார். கட்டு நின்றது. ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கொழுந்தன் கைதட்டினார்.

“கைதட்டறது அப்புறம். மூணாவது டிஸ்க்ல கொஞ்ச இடம் படிக்கவே வரல. அங்கங்க ஓட்டை இருக்கு. எந்தெந்தக் கோப்புல விழுந்திருக்குன்னு பாக்கணும்.”

பார்த்தார். உயிரியல் புத்தகத்தின் நடுவில் சில அத்தியாயங்கள். மூலப் பதிவுகளில் ஒரு பெரிய பகுதி. அப்புறம் புத்தகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்கள்.

“அவ்வளவுதானா? போச்சா?” என்றேன்.

“அவசரமே இல்லக்கா. நாலாவது டிஸ்க் இருக்குல்ல.”

“அதுதான் பழசாச்சே மேடம்” என்றார் கொழுந்தன்.

“பழசுதான். ஆனா உடம்பு நல்லா இருக்கு. பழைய கேபிள், அது லூசாகித்தான் விலகியிருக்கு. அன்னிக்கு வரைக்கும் நடந்த கணக்கு அதுக்குப் பிசகில்லாமத் தெரியும். அன்னிக்கு முன்னாடி எழுதி, அப்புறம் யாரும் தொடாத இடமா இருந்தா, மூணாவதுல இருக்கற ஓட்டையை நாலாவதை வச்சுக் கணக்குப் போட்டு நிரப்பிடலாம்.”

“அன்னிக்குப் பின்னாடி எழுதினது?”

“அது அதுக்குத் தெரியாது அக்கா. அதுக்கு அன்னியோட உலகம் நின்னுபோச்சு.”

அதை அவர் டிஸ்கைப் பற்றித்தான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய், ஏற்கனவே கழுவியிருந்த டம்ளர்களைக் கழுவினேன்.

கூப்பிட்டபோது போனேன். நிரப்பிய பகுதி சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும், அதற்கு என் காது வேண்டும் என்றார் நிதானம். ஒரு மூலப் பதிவைத் திறந்தார். சிறிது நேரம் அந்தப் பஞ்சு அறையின் கனத்த அமைதி. பிறகு என் குரல், நரம்பு மண்டலத்தைப் பற்றி, வேகமாக. அதன்மேல் தூரத்திலிருந்து சன்னமாக இன்னொரு குரல்.

“ஏய், ஏய். நீ பாடம் வாசிக்கிறியா, பிள்ளைங்களைத் திட்றியா? சோறு சாப்பிட்டியா இல்லயா? வெளிய வா. கதவைத் திறக்கறேன்.”

நாற்காலி நகரும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பதிவு முடிந்தது.

கொழுந்தன் எழுந்து நின்றிருந்தார். யாரோ உள்ளே வந்தால் எழுந்திருப்பது போல. பிறகு உட்கார்ந்து, “அண்ணன் என்னையும் இப்படித்தான் திட்டுவான்” என்று சொல்லி, சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எப்படி அக்கா? வெட்டு, குதிப்பு ஏதாவது தெரியுதா?”

“இல்லம்மா. சரியா இருக்கு.”

நடு அத்தியாயங்களையும் மறுநாள் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. அவர் இருந்தபோது பதிவானவை எல்லாம் திரும்பிவிட்டன. கடைசி இரண்டு அத்தியாயங்கள் மட்டும், நான் முக்காலியைச் செருகிக்கொண்டு தனியாக வாசித்தவை, நடுநடுவே உலோகத்தைக் கிழிப்பது போன்ற இரைச்சலாகக் கிடந்தன. அவற்றுக்கு எந்த டிஸ்கிலும் கணக்கு இல்லை.

வாத்தியாருக்குப் போன் செய்தேன்.

“ரெண்டு அத்தியாயம் மறுபடி வாசிக்கணும் சார்.”

“லாரி போயிடுச்சா?”

“லாரியும் போயிடுச்சு.”

“அப்ப நல்லதா ஒண்ணு வாசிச்சுக் குடுங்கம்மா. பரீட்சைக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கு. பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

நல்லதாக ஒன்று என்றால் கதவைச் சாத்த வேண்டும்.

நிதானம் புது டிஸ்குகளில் எல்லாவற்றையும் கட்டிக்கொடுத்தார். தனியாக ஒரு காப்பியும் எடுத்து, அதைக் கொழுந்தன் வீட்டில் வைக்கச் சொன்னார். இனி ஏதாவது ஒரு டிஸ்க் விலகினால் மெயில் மூவருக்கும் வரும். பழைய முகவரியை எடுத்துவிடவா என்று கேட்டார். அதுவும் இருக்கட்டும் என்றேன். கைப்பிடியைச் சரிசெய்ய ஆள் கூப்பிடலாம் என்றார் கொழுந்தன். கூப்பிட்டோம். வந்தவர் கழற்றிப் பார்த்துவிட்டு, இந்த மாடல் உள்பாகம் இப்போது வருவதில்லை, கதவையே மாற்ற வேண்டும், அதற்குப் பஞ்சையெல்லாம் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, திரும்ப மாட்டிவிட்டுப் போனார். பரீட்சை முடியும்வரை அதற்கு நேரமில்லை.

“நான் வெளிய உக்காந்துக்கறேன் அண்ணி. கடையைப் பையன் பாத்துப்பான். நீங்க முடிச்சதும் திறக்கறேன். அண்ணன் பண்ண வேலைதானே, எனக்கு வராதா?”

என் கணவரின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அது அவருக்கு உயரமாக இருந்தது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். முக்காலியை நடைக்கூடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

கதவு சாத்தப்பட்டது. அந்தச் சத்தத்தை மறந்திருந்தேன். சத்தம் என்று சொல்ல முடியாது, எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டுவிடும். காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்டது. சுவர்கள் நெருங்கி வந்தன. கைப்பிடியைப் பார்க்கக் கூடாது என்று புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்துகள் ஊர்ந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஆரம்பிங்க அண்ணி” என்றது ஹெட்போன். குரலில் அண்ணன் சாயல் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

முதல் பத்தியில் மூன்று தடவை தடுமாறினேன். ஒரு தடவையும் ஹெட்போன் எதுவும் சொல்லவில்லை. நானே நிறுத்தி, நானே முதலிலிருந்து வாசித்தேன். மூச்சுவிடுதலைப் பற்றிய அத்தியாயம் அது. காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது. வாசிக்க வாசிக்க வரிகள் என்னை இழுத்துக்கொண்டு போயின. முடித்துவிட்டு, “முடிஞ்சது தம்பி” என்றேன்.

பதில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“தம்பி?”

கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றியது. அவ்வளவுதான். கையை ஓங்கிக் கதவருகே கொண்டுபோனேன். பஞ்சுக்கு அடியில் பலகை. ஓங்கித் தட்டினால் கேட்கும். கத்தினாலும் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி ஆப்பிளோடு வருவார்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதாவது பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. என் நாற்காலி கிறீச்சிட்டால், நான் தட்டினால், நான் அழுதால், எல்லாம் போய் அந்த நான்கு டிஸ்கிலும் கணக்காக உட்கார்ந்துகொள்ளும்.

ஓங்கிய கையை இறக்கினேன். தண்ணீர் குடித்தேன். அடுத்த அத்தியாயத்தைத் திருப்பினேன். கடைசி அத்தியாயம். நான் வாசிக்கத் தொடங்கியபோது குரல் கொஞ்சம் வேகமாக இருந்தது. திட்டுவது போல இருக்கிறதே என்று நிறுத்தி, மறுபடி மெதுவாகத் தொடங்கினேன். பக்கம் திருப்பும் சத்தம் மைக்கில் விழாமல், அவர் சொல்லிக்கொடுத்தபடி மூலையைப் பிடித்துத் தூக்கித் திருப்பினேன். தடுமாறவில்லை. கதவு இருக்கும் பக்கத்தைப் பார்க்கவும் இல்லை. கேள்விகள் வரை வாசித்தேன். பயிற்சிக் கேள்விகளையும் வாசித்தேன். பின்னட்டையில் இருந்த அச்சகத்தின் முகவரி வரை வந்துவிட்டபோது கதவு திறந்தது.

கொழுந்தன் மூச்சிரைக்க நின்றார். கையில் கடைச் சாவி.

“மன்னிச்சிடுங்க அண்ணி! பையன் சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டான்னு ஓடினேன். அஞ்சே நிமிஷம்னு நினைச்சேன். உள்ள இவ்வளவு நேரம்... கதவைத் தட்டியிருக்கலாமே! வீட்டுச் சன்னலெல்லாம் திறந்திருக்கு, யாராவது ஓடி வந்திருப்பாங்களே!”

“ரெக்கார்டிங் போய்க்கிட்டிருந்துச்சு தம்பி” என்றேன்.